ஆறு வருடம் பேட்ச் கிளாம்ப்போடு: பினாங்கு ஆய்வகத்திலிருந்து

எலி மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியை 300 மைக்ரோமீட்டர் கனத்தில் சீவி, உயிரோடு வைத்திருந்து, ஒவ்வொரு நியூரானாக (நரம்புச் செல்லாக)ப் பிடித்து அதில் ஓடும் மின்சாரத்தை அளப்பது என் வேலை. பினாங்கில் ஓர் ஆய்வகத்தில் ஆறு வருடமாக இதே மேசைதான். பேட்ச் கிளாம்ப் என்ற இந்த முறை பழையது. எர்வின் நேயரும் பெர்ட் சக்மானும் 1976-இல் கொண்டுவந்தார்கள், 1991-இல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்னமும் இது தேவையா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், தேவை.

கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்தால் முனை ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குச் சன்னமாகிவிடும், மின்தடை 5 மெகா ஓம் இருக்கும். உள்ளிருந்து லேசாகக் காற்றழுத்தம் கொடுத்தபடியே செல்லை நெருங்க வேண்டும். முனை பட்டதும் செல்லின் மேல் சின்னக் குழி விழும், கன்னத்தில் விரல் வைத்த மாதிரி. அந்த நொடியில் அழுத்தத்தை விட்டுவிட்டு, குழாய் வழியாக வாயால் மெல்ல உறிஞ்ச வேண்டும். மின்தடை 50, 200 மெகா ஓம் என்று ஏறி ஒரு ஜிகா ஓமைத் தாண்டும். இன்னொரு சின்ன உறிஞ்சல். சவ்வு திறந்து, திரையில் மைனஸ் 65 மில்லிவோல்ட். இன்றைக்கும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

நல்ல நாளில் ஏழெட்டு செல் கிடைக்கும். மோசமான நாளில் ஒன்றுகூடக் கிடைக்காது.

நம் ஊரில் பெரிய எதிரி ஈரக்காற்று. இரவில் ஏர்கோனை அடைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டாம் வருடம் 40 மடங்கு லென்ஸுக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்துவிட்டது. அதிலிருந்து வேலை முடிந்ததும் லென்ஸைக் கழற்றி ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வைக்கிறேன். உப்புக் கரைசல் ஒரு துளி சிந்தினாலும் திருகில் துருப்பிடிக்கும், அன்றன்றே காய்ச்சி வடித்த நீரால் துடைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்திலிருந்து பதிவில் கலக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலோடு மூன்று வாரம் போராடினேன். ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிப் பார்த்ததில், நுண்ணோக்கி விளக்கின் மின்பெட்டி, வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோகக் கூண்டான ஃபாரடே கூண்டுக்குள்ளேயே இருந்தது தெரிந்தது. வெளியே நகர்த்தினேன், கோடு நேரானது.

பக்கத்து அறையில் கால்சியம் இமேஜிங் இருக்கிறது, செல்லுக்குள் கால்சியம் ஏறுவதை ஒளியாகப் பார்க்கும் முறை. 2013-இல் வந்த ஜிகேம்ப்6 என்ற ஒளிரும் புரதத்தைப் போட்டால் நூற்றுக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் மின்னும், பார்க்கவே அழகு. ஆனால் நியூரானின் துடிப்பு ஓரிரு மில்லிநொடியில் முடிந்துவிடும். அந்த ஒளி அடங்கவோ அதைப்போல நூறு மடங்குக்கு மேல் ஆகும். துடிப்பாக மாறாத சின்னச் சின்ன அசைவுகள் அதில் பெரும்பாலும் தெரியாது. அவைதான் எனக்கு வேண்டியவை.

இரண்டு வருடம் முன்பு 470 நானோமீட்டர் நீல விளக்கைச் சேர்த்தோம். செய்த செலவிலேயே உருப்படியானது இதுதான். சிஏ3, சிஏ1 இரண்டும் ஹிப்போகேம்பஸின் பகுதிகள்; நீல ஒளியில் திறக்கும் சேனல்ரோடாப்சின் புரதம் ஏற்றிய சிஏ3 இழைகளில் ஒளி பட்டதும், சிஏ1 செல்லில் சில மில்லிநொடியில் மின்னோட்டம் பாய்கிறது. துடிப்புகளை அடக்கும் டெட்ரோடோடாக்சினும், ஒளி பட்ட இழையிலிருந்து மட்டும் செய்தி கிளம்ப உதவும் 4-அமினோபைரிடினும் ஊற்றிய பிறகும் அது நீடித்தால் நேரடி இணைப்பு என்று சொல்லலாம். புதிதாகச் சேர்ந்த தங்கை முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, “அக்கா, இது அதோட பேசுது!” என்றாள். ஆமாம், பேசுகிறது.

அப்புறம் ஒன்று. சீவல்களை உயிரோடு வைத்திருக்கும் 95 சதவீத ஆக்சிஜன், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு சிலிண்டர் தீர்ந்தால் அன்றைய சீவல்கள் எல்லாம் போச்சு. தைப்பூசம், சீனப் பெருநாள் விடுமுறைகளுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லி வையுங்கள்.