யார் பெயரை மறைப்பது? ஆய்வுக்கட்டுரை மதிப்பீட்டில் மூன்று வழிகள்

1936-இல் ஐன்ஸ்டைனும் நாதன் ரோசனும் 'பிசிக்கல் ரிவியூ' இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். ஈர்ப்பு அலைகள் என்று எதுவும் இல்லை என்பது அதன் முடிவு. இதழாசிரியர் ஜான் டேட் அதை ஒரு நிபுணரிடம் கொடுத்தார். அவர் எழுதித் தந்த பத்துப் பக்கக் குறிப்பு, பெயர் இல்லாமல், ஐன்ஸ்டைன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஐன்ஸ்டைனுக்குக் கோபம் வந்துவிட்டது. 'அச்சிடத்தான் அனுப்பினேன், அதற்கு முன் நிபுணர்களிடம் காட்ட உங்களுக்கு அனுமதி தரவில்லை' என்ற பொருளில் கடிதம் எழுதிவிட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் குறிப்பு எழுதியவர் சொன்னதுதான் சரி. அடுத்த ஆண்டு வேறு இதழில் கட்டுரை வந்தபோது அதன் முடிவே மாறியிருந்தது. குறிப்பை எழுதியவர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்ற இயற்பியலாளர்.

இந்தச் சம்பவம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும், குறிப்பாக ஆய்விதழ்களின் மதிப்பீட்டு முறை பற்றிப் பேச்சு எழும்போது. இன்றைக்கு ஓர் ஆய்வு மாணவர் கட்டுரை அனுப்பும்போது மூன்று வகை ஏற்பாடுகளில் ஒன்றில் போய் நிற்கிறார். எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியும், மதிப்பீட்டாளர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது என்றால் அது ஒற்றை மறைப்பு. இருவருக்கும் மற்றவர் யாரென்று தெரியாது என்றால் இரட்டை மறைப்பு. மதிப்பீட்டாளரின் பெயரோ, அவர் எழுதிய அறிக்கையோ, இரண்டுமோ வெளியே தெரிந்தால் திறந்த முறை. இதில் எது நேர்மையானது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெயர்களை மூட வேண்டும், அறிக்கைகளைத் திறக்க வேண்டும். ஏன் என்பதுதான் மீதி.

ஒற்றை மறைப்பின் பலம் மேலே சொன்ன கதையிலேயே இருக்கிறது. ஐன்ஸ்டைனைப் பார்த்து 'தவறு' என்று எழுத ஒருவருக்குத் தன் பெயர் வெளியே தெரியாது என்ற தைரியம் தேவைப்படலாம். நாளைக்கு உங்கள் நிதி விண்ணப்பத்தை அதே பெரியவர் பரிசீலிக்கக்கூடும், உங்கள் மாணவரின் நேர்காணலில் அவரே உட்கார்ந்திருக்கக்கூடும். இப்படிப்பட்ட உலகத்தில் முகம் மறைத்த மதிப்பீட்டாளர் தேவைதான்.

அதன் பலவீனம் எனக்கு என் மேசையிலேயே தெரிந்தது. நான் வேதியியல் கற்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் மதிப்பீட்டுக்கு வந்த ஒரு கட்டுரையின் முதல் பக்கத்தில், பெயர் கேள்விப்படாத ஒரு சிற்றூர்க் கல்லூரியின் முகவரி. முதல் பத்தியைப் படிக்கும் முன்பே 'திருத்தம் நிறைய இருக்கும்' என்று மனத்துக்குள் ஒரு கோடு போட்டுவிட்டேன். படித்தபோது அப்படி ஒன்றும் இல்லை, செய்முறை சுத்தமாக இருந்தது. நானே ஒரு சிற்றூர்க் கல்லூரியில் இளநிலை படித்தவன் என்பதால் வெட்கமாகத்தான் இருந்தது. அந்தக் கோட்டை நான் அழித்தேன். எல்லாரும் அழிப்பார்கள் என்று எப்படிச் சொல்வது?

அழிப்பதில்லை என்பதற்குச் சோதனைச் சான்றே உண்டு. 1982-இல் பீட்டர்ஸ், செசி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். பேர்போன துறைகளிலிருந்து ஏற்கெனவே அச்சாகியிருந்த 12 கட்டுரைகளை எடுத்து, கற்பனைப் பெயர்களும் யாருக்கும் தெரியாத நிறுவன முகவரிகளும் ஒட்டி, எந்த இதழில் வந்ததோ அதே இதழுக்கே திரும்ப அனுப்பினார்கள். மூன்றை மட்டும் 'இது ஏற்கெனவே வந்ததாயிற்றே' என்று கண்டுபிடித்தார்கள். மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. காரணம் பல நேரம் 'முறையியலில் கடும் குறை'!

அது பழைய கதை என்பவர்களுக்கு 2022-இல் வெளியான சோதனை இருக்கிறது. பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற வெர்னன் ஸ்மித்தும், அதிகம் அறியப்படாத இளம் ஆய்வாளர் சபியூ இனுவாவும் சேர்ந்து எழுதிய ஒரே கட்டுரையை, நூற்றுக்கணக்கான மதிப்பீட்டாளர்களுக்கு மூன்று விதமாகக் கொடுத்தார்கள். ஸ்மித்தின் பெயர் மட்டும் தெரிந்தபோது நிராகரிக்கச் சொன்னவர்கள் 23 சதவீதம். பெயரே இல்லாதபோது 48. இனுவாவின் பெயர் மட்டும் தெரிந்தபோது 65. கட்டுரையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஆகவே இரட்டை மறைப்பு என்று முடித்துவிடலாமா? காகிதத்தில் சரி. நடைமுறையில் இந்தத் திரை மெல்லியது. கட்டுரை முன்வரைவாக, அதாவது மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவில், ஏற்கெனவே இணையத்தில் கிடக்கும், தலைப்பைத் தேடினால் பெயர் வந்துவிடும். இயற்பியலில் பலர் 1991-இல் தொடங்கிய 'ஆர்க்கைவ்' என்ற முன்வரைவுத் தளத்தில் முதலில் போட்டுவிட்டுத்தான் இதழுக்கே அனுப்புகிறார்கள், அங்கே இரட்டை மறைப்பு வெறும் சடங்கு. துறை சின்னதாக இருந்தால் இன்னும் மோசம். தமிழ்க் கல்வெட்டு எழுத்தமைதி பற்றி ஒரு கட்டுரை வந்தால், இரண்டு பக்கம் படித்ததும் இது எந்த ஊர்க்காரர், யாருடைய மாணவர் என்று சொல்லிவிடக்கூடியவர்கள் இருக்கிறார்கள். 'எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி' என்ற ஒரு வரி போதும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நேச்சர் குழும இதழ்கள் 2015 முதல் இரட்டை மறைப்பை விருப்பத் தேர்வாக வைத்தன. பிறகு கணக்கெடுத்துப் பார்த்தால் சுமார் 12 சதவீதம் பேர்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், அவர்களிலும் புகழ் குறைந்த நிறுவனத்தார் அதிகம். பெரிய இடத்துக்காரர் ஏன் தன் பெயரை மறைக்கப்போகிறார்? விருப்பம் என்று விட்டால் பெயரை மறைத்தாலே 'ஓ, சின்ன இடம் போல' என்று ஆகிவிடும். எல்லாருக்கும் கட்டாயம் என்றால்தான் இதில் பொருள் இருக்கிறது.

திறந்த முறைக்கு வருவோம். நம் மரபிலேயே இது உண்டு. இறையனார் அகப்பொருள் என்ற இலக்கண நூலுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை எழுத, எது மெய்யுரை என்று தீர்மானிக்க உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைச் சிறுவனை நடுவில் உட்கார வைத்தார்களாம். நக்கீரர் உரையைக் கேட்டபோது பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்ததால் அதுவே தேர்வானது என்கிறது உரைப்பாயிரம். எல்லார் கண் முன்னாலும் நடந்த மதிப்பீடு. அந்தச் சிறுவனுக்கு எந்தப் புலவரிடமும் பதவி உயர்வு கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

நம்முடைய பிஎச்டி பொது வாய்மொழித் தேர்வை நினைத்துப் பாருங்கள். புறத்தேர்வாளர் யார் என்று எல்லாருக்கும் தெரியும், கூடத்தில் யாரும் உட்காரலாம், கேள்வி கேட்கலாம். விதிப்படி இதைவிடத் திறந்த மதிப்பீடு கிடையாது. அப்புறம் என்ன நடக்கிறது? பொன்னாடை, இரண்டு செல்லக் கேள்விகள், 'சிறப்பாகச் செய்திருக்கிறார்', காரவகையோடு காபி. அதே தேர்வாளர் முன்கூட்டி அனுப்பிய ரகசிய அறிக்கையில்தான் உண்மையான குறைகள் இருக்கும். பெயர் தெரிந்தால் மனிதர்கள் நாகரிகமாகிவிடுகிறார்கள், அந்த நாகரிகத்தில் கட்டுரைக்கு ஒரு லாபமும் இல்லை.

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 1999-இல் மதிப்பீட்டாளர்கள் கையெழுத்திட வேண்டும் என்று கொண்டுவந்தது. அதையொட்டி நடந்த சோதனையில், பெயர் தெரிவதால் அறிக்கையின் தரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் மதிப்பிட மறுத்தவர்கள் 23 சதவீதத்திலிருந்து 35 ஆனார்கள். ஏற்கெனவே மதிப்பீட்டாளர் கிடைக்காமல் இதழாசிரியர்கள் கெஞ்சிக்கொண்டிருக்கும் காலத்தில் இது சின்ன விலை இல்லை.

பெயரை விட்டுவிட்டு அறிக்கையை மட்டும் வெளியிடுவதுதான் எனக்குப் பிடித்தது. எம்போ ஜர்னல் என்ற உயிரியல் இதழ் 2009 முதலே இதைச் செய்கிறது. நேச்சர் 2025 ஜூன் முதல், புதிதாக வந்து ஏற்கப்படும் எல்லா ஆய்வுக் கட்டுரைகளோடும் மதிப்பீட்டாளர் அறிக்கைகளையும் ஆசிரியர்களின் பதில்களையும் வெளியிடுவதாக அறிவித்தது. மதிப்பீட்டாளர் விரும்பினால் பெயர் போடலாம், இல்லாவிட்டால் இல்லை. 'என் இந்த மூன்று கட்டுரைகளையும் மேற்கோள் காட்டுங்கள்' என்று எழுதும் வழக்கத்துக்கு இது நல்ல மருந்து. இரண்டு வரியில் 'நன்று, வெளியிடலாம்' என்று முடிக்கும் வழக்கத்துக்கும்தான். இந்த இரண்டாவது வழக்கத்தின் கடைசிப் படி போலி மதிப்பீடு: பொய் மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, தங்கள் கட்டுரைக்குத் தாங்களே மதிப்பீட்டாளராவது. சேஜ் பதிப்பகம் 2014-இல் ஒரே இதழிலிருந்து 60 கட்டுரைகளையும், ஸ்பிரிங்கர் 2017-இல் ஒரே இதழிலிருந்து 107 கட்டுரைகளையும் திரும்பப் பெற்றது இதனால்தான். ரகசியம் அங்கே மோசடிக்காரருக்கு வசதியாகப் போயிற்று. அந்த அறிக்கைகள் கட்டுரையோடு சேர்ந்து வெளியாகியிருந்தால் இத்தனை போகும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது என்பது என் எண்ணம்.

ஈலைஃப் என்ற உயிரியல் இதழ் இன்னும் ஒரு படி மேலே போய், 2023 முதல் ஏற்பு, நிராகரிப்பு என்ற முடிவையே எடுத்துவிட்டது. மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்ட கட்டுரை அறிக்கைகளோடு வெளியாகும், வாசகர் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறது. எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதனால் அது தன் தாக்கக் காரணி எண்ணையே, அதாவது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கையே, இழந்தது. பதவி உயர்வுப் படிவத்தில் அந்த எண்ணைக் கேட்கும் நாட்டில் ஓர் உதவிப் பேராசிரியரிடம் 'ஈலைஃபுக்கு அனுப்பு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றில் எதுவும் இட்டுக்கட்டிய தரவைப் பிடிக்கும் என்று நம்பிவிட வேண்டாம். 1998-இல் வெளியான ஒரு சோதனையில், வேண்டுமென்றே 8 குறைகளை நுழைத்த ஒரு கட்டுரையை மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பினார்கள். சராசரியாகக் கண்டுபிடிக்கப்பட்டவை இரண்டு. 2020-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, கொரோனா நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து கொடுப்பது பற்றிய கட்டுரை மதிப்பீட்டைத் தாண்டித்தான் மே 22-இல் வெளியானது. வெளியிலிருந்தவர்கள் தரவைக் கேள்வி கேட்க, ஜூன் 4-இல் திரும்பப் பெறப்பட்டது.

சரி, இப்போது கட்டுரையைக் கையில் வைத்திருப்பவர் என்ன செய்வது? இயற்பியல், கணிதம் என்றால் யோசிக்கவே வேண்டாம், முன்வரைவைப் போட்டுவிட்டு ஒற்றை மறைப்பு இதழுக்கு அனுப்புங்கள். சமூக அறிவியல், மொழி, கல்வியியல் என்றால், அதுவும் பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து என்றால், இரட்டை மறைப்பைக் கட்டாயமாக்கிய இதழைத் தேடுங்கள். அறிக்கையை வெளியிடச் சம்மதமா என்று கேட்கும் கட்டம் இருந்தால் டிக் செய்யுங்கள்.

இரட்டை மறைப்புக்கு அனுப்பும் முன் நன்றியுரையை நீக்குங்கள், கோப்பின் 'ப்ராப்பர்டீஸ்' பகுதியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். போன மாதம் எனக்கு வந்த கட்டுரையில் முதல் பக்கப் பெயர், முகவரி எல்லாம் கறுப்பு மை பூசி மறைக்கப்பட்டிருந்தன. கோப்பின் பெயர், எழுதியவரின் முழுப் பெயர், கூடவே 'ஃபைனல் ஃபைனல் 3'.