லாகிங் மென்பொருள் நல்லதுதான், கோளாறை மட்டும் சொல்லவே சொல்லாது

ஹாம் ரேடியோவில் பேசிய தொடர்புகளைப் பதிந்து வைக்கும் இந்த இலவச லாகிங் மென்பொருளை ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஒரு நிலையத்தின் கால்சைனை (அழைப்புக் குறியை) தட்டியதும் அந்த நிலையத்தோடு முன்பு எப்போது, எந்த பேண்டில் (அலைவரிசைப் பகுதியில்) பேசினோம் என்று உடனே காட்டிவிடுகிறது, தேடலும் வேகம். அதில் குறையே இல்லை. ஆனால் ஏதாவது தப்பாகப் போனால் வாயே திறக்காது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன வாரம் ஒரே மாலையில் எஃப்டி8, எஃப்டி4 என்ற கணினி வழி டிஜிட்டல் முறைகள் இரண்டிலும் சேர்த்து 38 தொடர்புகள். அவற்றை இயக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் நிரல் ஒவ்வொரு முறையும் லாக் பெட்டியைக் காட்டியது, நானும் ஓகே கொடுத்தேன். இரவு லாகைத் திறந்தால் ஒன்றுகூட இல்லை! மூலையில் பச்சை விளக்கு மட்டும் 'இணைந்துள்ளது' என்று எரிந்துகொண்டிருந்தது. வயிறு கலங்கிவிட்டது.

டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் தகவலை, நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாசலான யுடிபி போர்ட் 2237-க்கு அனுப்பும். கூடவே ஓடிய வரைபட நிரல் அந்த போர்ட்டை முதலிலேயே பிடித்துக்கொண்டிருந்தது, அதனால் லாகுக்கு எதுவும் வந்து சேரவில்லை. "போர்ட் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும், எனக்கு மூன்று மணி நேரம் போனது. மூன்று நிரல்களிலும் முகவரியை 224.0.0.1 என்ற மல்டிகாஸ்டுக்கு (ஒரே தகவலைப் பல நிரல்கள் பெறும் வழி) மாற்றினேன், சரியாகிவிட்டது.

நல்லவேளை, டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் தன் பங்குக்கு ஒரு ஏடிஐஎஃப் கோப்பு (லாகுகளைப் பரிமாறும் பொது வடிவம்) எழுதி வைக்கிறது. ஃபைல் மெனுவில் லாக் டைரக்டரியைத் திறந்தால் கிடைக்கும், அதை இறக்குமதி செய்து 38-ஐயும் மீட்டேன். அப்புறம் பார்த்தால் எஃப்டி4 தொடர்புகள் எல்லாம் வெறும் 'எம்எஃப்எஸ்கே' என்று நிற்கின்றன. ஏடிஐஎஃப் முறைப்படி எஃப்டி4-க்கு மோட் (முறை) எம்எஃப்எஸ்கே, சப்மோட் (உட்பிரிவு) எஃப்டி4; இந்த லாகிங் மென்பொருள் சப்மோடைப் படிக்காமலே விட்டிருக்கிறது, அதையும் சொல்லவில்லை. கையால் திருத்தினேன்.

ரேடியோ இணைப்பு அறுந்தால் டிவைஸ் மேனேஜரில் காம் எண்ணை (ரேடியோ இணைந்திருக்கும் போர்ட்டின் எண்ணை) பாருங்கள், யுஎஸ்பி ஒயரை வேறு துளையில் செருகினால் அது மாறிவிடலாம். நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) பதிவாகிறதா என்றும் பாருங்கள். இரு பக்கமும் பதிந்த நேரம் 30 நிமிடத்துக்கு மேல் விலகினால், தொடர்புகளை இணையத்தில் உறுதிப்படுத்தும் எல்ஓடிடபிள்யூ-வில் உறுதியாகாது.

மூன்று நட்சத்திரம். மாற்றப் போவதில்லை, ஆனால் அந்தப் பச்சை விளக்கை இனி நம்பவும் மாட்டேன். முதல் தொடர்பு முடிந்ததும் லாகில் வரி விழுந்ததா என்று பார்த்த பிறகுதான் அடுத்த சிக்யூ (பொது அழைப்பு).