கடனைக் கட்டிவிட்டு வருவதா, ஓடி வருவதா, சான்றிதழ் வாங்குவதா: எது விடுதலை?

வேலூரில் விடுதலை என்றதும் பலருக்குத் தொரப்பாடி மத்திய சிறைதான் நினைவுக்கு வரும். அங்கே குழப்பம் கிடையாது. உத்தரவு வந்தால் கதவு திறக்கும். செங்கல் சூளையிலும் மரவெட்டிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கொத்தடிமைகளாகக் கிடக்கும் குடும்பங்களுக்கு அப்படி ஒரு கதவே இல்லை. இந்தப் பக்கத்தில் அவர்களில் பலர் இருளர் பழங்குடியினர். அவர்கள் வெளியே வர மூன்று வழிகள் உண்டு. எப்படி வந்தாலும் 'வெளிய வந்துட்டாங்க' என்று ஊர் ஒரே மாதிரி சொல்லிவிடும்.

முதல் வழி, வாங்கியதைக் கட்டிவிட்டு வருவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கிறது. காய்ச்சலில் படுத்த நாள், மருந்துச் செலவு, திருவிழாவுக்கு வாங்கிய கைமாற்று எல்லாம் அதில் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வேறொரு முதலாளிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி வந்து பழைய பாக்கியைக் கட்டிவிட்டு அதே குடும்பத்தைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். முதலாளி மாறினார், அவ்வளவுதான். இத்தனைக்கும் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. ரத்தான கடனுக்குப் பணம் வாங்குகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. கட்டுகிறவருக்கு இது தெரியாது, வாங்குகிறவர் சொல்லப்போவதும் இல்லை.

இரண்டாவது, ராத்திரியோடு ராத்திரியாக ஓடி வருவது. அடி உதை இருக்கும் இடத்தில் இதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதலாளியின் ஆட்கள் அடுத்த நாளே மாமனார் வீட்டு வாசலில் நிற்பார்கள், சில நேரம் திருட்டுப் புகாரோடு.

மூன்றாவது வழி ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது சப்-கலெக்டரிடம் மனு கொடுத்து விடுதலைச் சான்றிதழ் வாங்குவது. விசாரணையில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'கூலி குடுத்தாங்க, அடிக்கல' என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற அதிகாரிகள் இருக்கிறார்கள். சட்டம் சங்கிலியைத் தேடவில்லை. முன்பணம் வாங்கியதால் வேறு வேலைக்குப் போக முடியவில்லையா, நினைத்த இடத்துக்குப் போய்வர முடியவில்லையா, குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். அது கொத்தடிமைக் கடன் இல்லையென்று நிரூபிக்க வேண்டியதும் கடன் கொடுத்தவர்தான்.

சான்றிதழ் கையில் இருந்தால் கடனை வைத்து யாரும் மிரட்ட முடியாது. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. முழுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான சில வகைகளில் 3 லட்சம். இந்த முழுத் தொகையைக் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வழக்கு இழுத்தால் பணமும் இழுக்கும். அந்த இடைவெளியில்தான் மேஸ்திரி புது அட்வான்ஸோடு வந்து நிற்கிறார். இந்த வழியின் பெரிய ஓட்டை இதுதான்.

2019 ஜூலையில் ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கத்து மரவெட்டு இடங்களிலிருந்து 42 பேரை மீட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்தப் படம் பரவிய வேகத்தில் பாதி வேகமாவது மறுவாழ்வுக் கோப்புகளுக்கும் இருந்தால் தேவலை.

இத்தனை ஓட்டை இருந்தும் என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் ஓடி வரட்டும், அப்புறம் அதே வாரத்தில் மனு கொடுக்கட்டும். வெளியே வந்துவிட்டவரும் சான்றிதழ் கேட்கலாம். பழங்குடிச் சாதிச் சான்றிதழும் அதே ஆர்டிஓ அலுவலகத்தில்தான் தருகிறார்கள். இரண்டு மனுவையும் ஒன்றாகவே எழுதிக்கொண்டு போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.