டீசல் ஃபில்டர்: மலிவானதும் அசலும்

எங்கள் பழைய டீசல் காரின் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றுவதற்காக முதலில் வாங்கியது, உதிரிபாகக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்த ஒரு தயாரிப்பு. தோற்றத்தில் குறையில்லை, ஆனால் அதனுடன் வந்த ஓ-ரிங் (இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையம்) பள்ளத்தில் சரியாக அமராததால், டீசல் வெளியே கசியாமல் காற்று மட்டும் உள்ளே இழுக்கப்பட்டு, காலைதோறும் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டியிருந்தது. வாகன நிறுவனத்தின் அசல் ஃபில்டரைப் பொருத்திய பின்னரே அந்தத் தொல்லை தீர்ந்தது.

தூசியைத் தடுப்பதோடு, டீசலில் கலந்துவரும் நீரைப் பிரித்து அடியில் தேக்குவதும் இதன் வேலை. 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜெக்டர்களுக்கு நீர் பெரும் பகை என்பதால், இந்தப் பொருளில் சிக்கனம் பார்ப்பது தவறு என்பேன். பொருத்துவது கடினமன்று: ஓ-ரிங்கில் சிறிது டீசல் தடவி, கையால் இறுக்கி, ஃபில்டருக்கு டீசலை ஏற்றும் கைப்பம்பு கெட்டிப்படும் வரை அழுத்தினால் காற்று வெளியேறிவிடும். (கீழே பழைய துணி விரிக்க மறந்ததால் எங்கள் வாசலில் ஒரு வாரம் டீசல் வாடை வீசியது.) இவ்வளவு விலை கொடுத்தும் பெட்டியினுள் பொருத்தும் முறை பற்றிய ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லாததே என் மனக்குறை.