ஐந்து பழைய ஆட்டக் கையேடுகளும் ஒரு தடுப்பாட்டக்காரரும்

இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டம் நடக்கும் நாளில் மைதான வாயிலில் விற்கப்படும் அச்சிட்ட கையேட்டுக்குப் ‘புரோகிராம்’ என்று பெயர். பழைய புரோகிராம்களைத் தபாலில் அனுப்பும் அந்நாட்டுக் கடை ஒன்றில் அண்மையில் ஐந்து பிரதிகளை வாங்கினேன். ஐந்தையும் கிரகாம் அலெக்சாண்டர் என்ற ஒரே ஆட்டக்காரருக்காகவே வாங்கினேன்.

முன்கள வீரர் ஒருவரின் வாழ்க்கையைக் கோல் பட்டியலிலிருந்தே ஓரளவு அறிந்துகொள்ளலாம். வலது பின்களத்தில் நின்று எதிரணியின் ஓட்டத்தை அடைத்துக்கொண்டிருந்தவருக்கோ, பெரும்பாலான ஆட்டங்களில் அணிப் பட்டியலில் அச்சான பெயர் ஒன்றுதான் சாட்சி. 1971இல் கவென்ட்ரியில் பிறந்த அலெக்சாண்டர், ஸ்கன்தார்ப், லூட்டன், பிரெஸ்டன், பர்ன்லி, மீண்டும் பிரெஸ்டன் என்று கிளப் மாறி ஆடி, நாட்டு அணிக்கான ஆட்டங்களையும் சேர்த்து 1,000 ஆட்டங்களுக்கு மேல் கண்டவர். அவற்றில் மிகப் பெரும்பாலானவை முதல் நிலைக்குக் கீழிருந்த பிரிவுகளில் நடந்தவை. ஸ்காட்லாந்துக்காக 40 ஆட்டங்கள் ஆடிய இவர், முதல் நிலைப் பிரிவான பிரீமியர் லீக்கில் முதன்முறையாகக் கால் வைத்தது 2009 ஆகஸ்டில், தம் 37ஆம் வயதில். அந்தப் பொறுமையைக் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் என்னை இந்தக் கடைக்கு அழைத்துச் சென்றது.

கடையின் விலைப்பட்டியல் கிளப் வாரியாகவும் பருவம் வாரியாகவும் அமைந்திருப்பதால், ஆட்டக்காரரின் பெயரைக் கொண்டு தேட வழியில்லை. மின்னஞ்சலில் விவரம் கேட்டேன். அவர் கிளப்பில் ஆடிய ஒவ்வொரு காலத்துக்கும் ஒன்றாக எந்த ஆட்டங்களின் பிரதிகளை வாங்கலாம் என்று இரண்டே நாளில் பொறுப்பாக எழுதி அனுப்பினார்கள். நான்கு பிரதிகள் தலா 2 பவுண்டு, கடைசிப் பிரதி மட்டும் 6 பவுண்டு. இருபுறமும் கெட்டி அட்டை வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையிலிட்டு அனுப்பியிருந்ததால், ஒரு மூலைகூட மடங்கவில்லை.

குறை ஒன்று உண்டு. லூட்டன் காலத்துப் பிரதி முழுமையானது என்று குறிப்பிட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் நடுவிலிருந்த நான்கு பக்கங்களைக் காணவில்லை, துருப்பிடித்த பின்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. எழுதிக் கேட்டதும் மறுப்பின்றி வேறு பிரதி அனுப்பினார்கள் என்றாலும், விற்குமுன் பக்கங்களை எண்ணிப் பார்ப்பது கடைக்காரரின் கடமை.

ஸ்கன்தார்ப் பிரதியைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மழையில் நனைந்து உப்பிய ஓரம். பின்னட்டையில் அச்சான பெயர்களுள் ஒன்றைப் பென்சிலால் அடித்துவிட்டு, மாற்றாக இறங்கியவரின் பெயரைப் பொடி எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார் யாரோ ஒரு ரசிகர். பட்டியலில் இவற்றை ‘எழுத்துக் கறை’ என்று குறித்து விலையைக் குறைக்கிறார்கள். என் கண்ணுக்கு அவையே பிரதியின் மதிப்பைக் கூட்டுகின்றன.

6 பவுண்டுப் பிரதி 2012 ஏப்ரல் 28 அன்று டீப்டேல் மைதானத்தில் பிரெஸ்டனும் சார்ல்டனும் ஆடிய ஆட்டத்துக்குரியது. அலெக்சாண்டரின் கடைசி ஆட்டம் அது. 40 வயதில், ஆட்ட முடிவில் வீணான நேரத்துக்கு ஈடாகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் கிடைத்த ஃப்ரீ கிக்கைக் கோலாக்கி 2-2 என்று சமன் செய்து விடைபெற்றார். ஆட்டத்துக்கு முன்பே அச்சான தாளுக்கு அந்தக் கோல் தெரியாது. ஆனால் முந்தைய உரிமையாளர், அணிப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே நீல மையில் அழுத்தமாக ஒரு கோடிட்டிருக்கிறார். பேனா முனை பதிந்த தடம் மறுபக்கத்தில் தடவினால் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

புரோகிராம் அச்சிட்டே ஆகவேண்டும் என்ற விதியை பிரீமியர் லீக்குக்குக் கீழுள்ள மூன்று பிரிவுகளைக் கொண்ட இங்கிலாந்து கால்பந்து லீக்கின் கிளப்புகள் 2018இல் வாக்களித்து நீக்கிவிட்டன. ஆகவே இன்று கீழ்ப் பிரிவுகளில் ஆடும் தடுப்பாட்டக்காரரின் வாழ்க்கையை எதிர்காலத்தில் இவ்வாறு தாள்தாளாகச் சேர்க்க இயலாமல் போகலாம். சேர்க்க விரும்புவோர் இந்தக் கடையைத் தயங்காமல் நாடலாம்; பணம் செலுத்துமுன் நடுப்பக்கத்தின் படத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள்.