கேசட் பேச்சைப் போனுக்கு மாற்ற: ஏஎம்ஆரா, ஓபஸா?

சேர்வராயன் மலையில் பெரியவர்கள் பேசிப் பதிவான பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிவிட்டால் அடுத்த தலைவலி அளவு. ஒரு மணி நேரம் ஓடும் சி-60 கேசட், சுருக்காத ஒற்றைச் சேனல் வேவ் கோப்பாகவே 317 எம்பி வரும். ஏற்காட்டைத் தாண்டி, சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று போன் பேசுகிறவர்களுக்கு அதை அனுப்ப முடியாது.

ஒலிக்கோப்பைச் சுருக்க ஏஎம்ஆர், ஓபஸ் என்று இரண்டு வடிவங்கள் உண்டு. சுருக்கினால் ஒரு மணி நேரப் பேச்சு, நொடிக்கு 12.2 கிலோபிட் ஏஎம்ஆரில் 5.8 எம்பி, 16 கிலோபிட் ஓபஸில் 7.2 எம்பி, 24 கிலோபிட் ஓபஸில் 10.8 எம்பி. அளவு மட்டும் பார்த்தால் ஏஎம்ஆர்தான். ஆனாலும் நாங்கள் எடுத்தது ஓபஸ் 24.

காரணம் ஒன்றே ஒன்று: சகரம். 1999-ல் செல்போன் பேச்சுக்காக ஏற்கப்பட்ட ஏஎம்ஆர், நொடிக்கு 8,000 மாதிரிகள் மட்டுமே எடுக்கும். அதனால் அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. உயிரெழுத்துகளுக்கு இது போதும். ழகர, ளகர வேறுபாடுகூடப் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் 'சாமை' என்று சொல்லும்போது முதலில் வரும் அந்தச் 'ஸ்' காற்றொலியின் பலமெல்லாம் 4,000-க்கு மேலேதான் இருக்கிறது. அது வெட்டுப்பட்டு, மிச்சமும் கேசட் இரைச்சலில் அமுங்கினால், பல்லில்லாத பாட்டி சொன்னது சாமையா ஆமையா என்று தெரியாது. பேச்சின் போக்கை வைத்து ஊகிக்கலாம். ஊர்ப்பெயருக்கும் ஆள்பெயருக்கும் அந்த ஊகமும் உதவாது. போனது போனதுதான். பிறகு ஓபஸுக்கு மாற்றினாலும் திரும்பாது. எனவே ஏற்கெனவே ஏஎம்ஆரில் இருப்பவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

பின்னணியில் பம்பை ஒலித்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஏஎம்ஆர் எல்லா ஒலியையும் ஒரு மனிதத் தொண்டையிலிருந்து வந்ததாகவே கணக்குப் போடும். அடி விழும்போதெல்லாம் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் கொளகொளக்கும். ஓபஸில் பேச்சுக்கு ஒரு முறை, இசைக்கு ஒரு முறை என இரண்டும் இருப்பதால் சமாளித்துவிடும்.

எதற்கு மாற்றினாலும் ஒரு வேலையை முன்னாலேயே முடிக்க வேண்டும். ஸ்டீரியோ கோப்பை ஒற்றைச் சேனலாக்கும்போது இரண்டையும் கலக்காதீர்கள். பிளேயர் ஹெட் இம்மி சாய்ந்திருந்தாலும் இரு சேனலுக்கும் நேரம் சற்றே பிசகும். கலந்தால் மேல்சுரங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குரல் மந்தமாகிவிடும். ஓபஸ் மேல் பழி போடும் பல பேருக்கு உண்மையில் நடந்தது இதுதான். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சேனலைப் பிரித்து, தெளிவானதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் உறுமல் அடங்கும். இரைச்சல் நீக்கத்தை 6 டெசிபலோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் சகரமும் கூடவே போகும். ஒலியின் உச்சத்தை மைனஸ் 3 டெசிபலில் வையுங்கள்.

ஏஎம்ஆருக்கு மாற்றும்போது, கோப்பு மாற்றும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் மறுத்தால் முதலில் 8,000 மாதிரி, ஒற்றைச் சேனல் என்று கொடுத்தீர்களா என்று பாருங்கள். கொடுத்தும் மறுத்தால், அந்தப் பதிப்பில் ஏஎம்ஆர் எழுதும் பகுதி சேர்க்கப்படவில்லை என்று பொருள். ஓபஸில் இந்தத் தொல்லை குறைவு. தவிர, பேசியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கோப்புக்குள்ளேயே எழுதலாம்; ஏஎம்ஆரில் அதற்கு இடமே இல்லை.

ஏஎம்ஆர் ஜெயிக்கும் இடம் பட்டன் போன். பழைய மாடல்கள் பல ஓபஸைத் திறக்காது, ஏஎம்ஆரைத் திறக்கும். அப்படிப்பட்டவருக்கு வேவிலிருந்து தனியாக ஒரு ஏஎம்ஆர் பிரதி எடுத்துக் கொடுங்கள்.

அகலப்பட்டை ஏஎம்ஆர் என்றும் ஒன்று உண்டு. 12.65 கிலோபிட்டில் ஏறக்குறைய அதே அளவுதான், 7,000 ஹெர்ட்ஸ் வரை வரும். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. பட்டன் போன்களில் அதிகம் ஓட்டிப் பார்க்கவில்லை என்பதால் பரிந்துரைக்கத் தயக்கம். மொத்தமாக மாற்றும் முன், பெயர்கள் நிறைய வரும் 30 நொடியை வெட்டி, வாங்கப்போகிறவரின் போனிலேயே ஓடவிட்டுக் கேளுங்கள்.