பழைய அம்பாசிடரை மதுரைக்கு அனுப்பிய அனுபவம்: வண்ணார்பேட்டை பிளாட்பெட் சேவை
பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்குப் பழைய அம்பாசிடர் காரை அனுப்ப வேண்டியிருந்ததால், வண்ணார்பேட்டைப் பக்கம் இயங்கும் ஒரு பிளாட்பெட் (தட்டையான திறந்த தளம் கொண்ட) லாரி சேவையை அமர்த்தினோம். வாடகை சற்றுக் கூடுதல்தான். ஆனால் வண்டியைக் கட்டும் முறைக்காகவே அதைக் கொடுக்கலாம். பம்பரில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடுவது நம் பக்கத்துப் பழக்கம். இவர்களோ காரைக் கியரில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகு, 50 மி.மீ. அகல ராட்செட் பெல்ட்டை (பற்சக்கரப் பிடியை அசைத்து இறுக்கும் பட்டை) ஒவ்வொரு டயரின் மேலும் போட்டு இறுக்கினார்கள். சக்கரத்தைக் கட்டினால் பாடி ஸ்பிரிங்கின் மேல் தன்போக்கில் அசைந்தாலும் பெல்ட் தளராது. பாடியைக் கட்டினாலோ, ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்பிரிங் அமுங்கும்போது பெல்ட் தொய்ந்து, மறுகணமே வெடுக்கென்று இழுபடும். ஓரம் பிசிறிய ஒரு பெல்ட்டை ஓட்டுநர் தாமாகவே ஒதுக்கி வைத்தது எனக்கு நிறைவளித்தது. கயத்தாறு தாண்டியதும் லாரியை ஓரங்கட்டி, எல்லா ராட்செட்டுகளையும் மறுபடி சோதித்தார். கட்டிய பெல்ட் புறப்பட்ட சிறிது தூரத்திலேயே சற்று நெகிழ்ந்துவிடும் என்பதால் இது அவசியம். குறையும் உண்டு: பெல்ட் தகர விளிம்பில் உரசும் இடத்தில் வைக்கத் தடித்த ரப்பர் இல்லாமல், கோணிச்சாக்கை மடித்துச் செருகினார்கள். டிராக்டர் டிரெய்லர் ஏற்றுவோர், அதன் முன்கொக்கியையும் தனிச் சங்கிலியால் பிணைக்கும்படி முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது.